தலைகீழ்க் கரை

ஆகஸ்ட் 3

இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் கூடவே ஒரு வைத்தியமும் சொன்னார். கோபம் வந்தால் கத்த வேண்டாம், எழுதி வையுங்கள் என்றார். நூல் மில்காரர்கள் வருடா வருடம் கொடுக்கிற டைரியில் இதுவரை வீட்டுக்காரி வசந்தாமணி பால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். இனி அது எனக்கு.

இன்றைய கோபம் இது. காலையில் கடை திறந்ததிலிருந்து ஒரே பேச்சு, பட்டிமன்ற நடுவர் அருளரங்கன் கட்சி ஆரம்பிக்கப் போகிறாராம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் டிவியில் வந்து, குடும்பத்தைக் காப்பது சிக்கனமா தாராளமா என்று ஆறு பேரைக் கத்தவிட்டு, நடுவில் மணியடித்து, கடைசியில் “இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, ஆனாலும்” என்று இழுத்து ஒரு பக்கம் சாய்வாரே, அதே பேராசிரியர்தான். நாட்டுக்குத் தீர்ப்புச் சொல்லப் போகிறாராம். சொல்லட்டும். என் கோபம் அதற்கில்லை. எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

நான் ஈரோட்டில் கரைவேட்டி மொத்த வியாபாரி. கட்சி பிறந்தால் மருத்துவச்சிக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். வேட்டி ஓரத்தில் என்ன நிறம் ஓடும் என்று தெரிந்து சாயத்துக்கு நூல் அனுப்பி, தறியில் ஏற்றி, மாநாட்டுக்கு முன்னால் கடைக்கு வந்தால்தான் அது சரக்கு. ஒரு வாரம் பிந்தினால் வெறும் துணி.

எனக்கு இரண்டு கொள்கைகள் உண்டு. பல கட்சிகளைவிட இரண்டு அதிகம். எந்தக் கட்சிக் கரையும் என் இடுப்பில் ஏறாது. சந்தையில் மூட்டை தூக்கிய காலத்தில் லுங்கி, இப்போது பேண்ட், விசேஷத்துக்கு வெறும் வெள்ளை. அப்புறம், செத்த கட்சியின் சரக்கு ஒரு மாதத்துக்கு மேல் என் கிடங்கில் தங்காது. கிழித்து, ஒர்க்‌ஷாப்புகளுக்குத் துடைக்கிற துணியாகப் போட்டுவிடுவேன். இந்த ஊர் லாரி எஞ்சின்களை எத்தனை தலைவர்களின் லட்சியங்கள் துடைத்திருக்கின்றன என்பது அந்தத் தலைவர்களுக்கே தெரியாது.

ஆகஸ்ட் 10

ஞாயிற்றுக்கிழமை. டிவியில் பழைய பட்டிமன்றத்தைத் திரும்பப் போட்டார்கள். வசந்தாமணி பாசிப்பயறு புடைத்துக்கொண்டே பார்த்தாள். பாதியிலேயே, இடதுபக்க அணிதான் தோற்கும் என்றாள். தோற்றது. ஏற்கெனவே பார்த்ததாக்கும் என்றேன். இல்லையாம். நடுவர் எந்த அணியைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாரோ அந்த அணி தோற்குமாம். ஜெயிக்கப் போகிறவர்களுக்குத் தீர்ப்பு இருக்கிறது, தோற்கிறவர்களுக்குச் சிரிப்பையாவது கொடுக்க வேண்டாமா என்று நினைப்பாராம். இருபது வருஷமாகப் பார்க்கிறாளாம், ஒரு தடவைகூடத் தப்பவில்லையாம். வேலை வெட்டி இல்லாதவர்களுக்கு இந்த மாதிரி ஆராய்ச்சிதான்.

நிறம் என்னவாக இருக்கும் என்பதுதான் என் கவலை. கறுப்பு, சிவப்பு, வெள்ளை, பச்சை, மஞ்சள், நீலம் எல்லாவற்றையும் முன்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கடவுள் வானவில்லில் இன்னும் நாலு நிறம் சேர்த்திருக்கலாம். இதை வாய்விட்டுச் சொன்னேன் போலிருக்கிறது. வசந்தாமணி முறத்தைக் கீழே வைக்காமலேயே சொன்னாள்.

“வலதுபக்க அணிக்குக் கிளிப்பச்சைத் துண்டு, இடதுபக்க அணிக்குக் கத்தரிப்பூக் கலர் துண்டு போடுவாருங்க. எப்பவும் அதேதான். ரெண்டையும் ஒட்டிக் கொடியாக்கிருவாரு, பாருங்க.”

சிரித்தேன்.

கிணற்றுத் தண்ணீர் லேசாகச் சிவந்து வருகிறதாம். மோட்டார் துரு. ஆள் வரச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 11

கிளிப்பச்சைக்கும் கத்தரிப்பூவுக்கும் நூல் சாயத்துக்குப் போனது. என் கணிப்பு.

ஆகஸ்ட் 24

மக்கள் தீர்ப்புக் கழகம். மேலே கிளிப்பச்சை, கீழே கத்தரிப்பூ, நடுவில் ஒரு மணி. டிவியில் கொடியை ஏற்றி முடிப்பதற்குள் என் கடையில் கூட்டம். மற்ற வியாபாரிகள் இனிமேல்தான் நூல் தேட வேண்டும். மஞ்சள் மண்டி குழந்தைவேலு, என் கூட்டாளி, இரவு போன் செய்து, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டான். தொழில் ரகசியம் என்றேன். உள்ளேயிருந்து வசந்தாமணி இருமினாள்.

ஆகஸ்ட் 29

வேட்டி தலைகீழ்.

டுட்டோரியல் காலேஜ் நடத்தும் ரங்கநாதன்தான் மாவட்ட அமைப்பாளர். என்னிடம் வாங்கிய வேட்டியைக் கட்டிக்கொண்டே வந்து, கடை வாசலில் நின்று, காலைத் தூக்கிக் காட்டினார். கொடியில் பச்சை மேலே, கத்தரிப்பூ கீழே. கால்பக்கக் கரையில் கத்தரிப்பூ மேலே, பச்சை கீழே. “உங்க வேட்டியக் கட்டுனா கொடியத் தலகீழாப் புடிச்ச மாதிரி இருக்குதுங்க” என்றார். மாவட்டம் முழுக்கத் திரும்பி வருகிறது.

முப்பது வருஷத்தில் நடக்காத தப்பு. இரண்டு நிறம் என்றதும் எந்த நிறம் ஓரத்தில் என்று யோசிக்காமல் தறிக்கு ஏற்றியிருக்கிறேன். சாம்பிளைப் பார்த்துச் சரி சொன்னது தறிக்காரர் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை.

சரியான கரை போட்டு மறுபடி நெய்கிறோம். தலைகீழ்ச் சரக்கு கிடங்கில் மேல்தட்டில். கட்சி செத்ததும் கிழித்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 14

கல்யாண மண்டபத்தில் கட்சியின் முதல் கூட்டம். துண்டுக் கடை போடப் போனேன். வசந்தாமணி நடுவரை நேரில் பார்க்க வேண்டும் என்று கூட வந்தாள்.

நம்பிக்கை என்கிற சரக்கை இவ்வளவு மொத்தமாக நான் பார்த்ததில்லை. ஆட்டோக்காரர்கள் சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். சலூன்காரர் ஒருவர் கடையைப் பூட்டிவிட்டு வந்தாராம், அமாவாசைக்கே பூட்டாதவர். ரிட்டையர் ஆன பேங்க்காரர்கள் முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் முகத்திலும் புதுப் பாத்திரத்தின் பளபளப்பு. பாவம், ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை.

கூட்டத்தையும் பட்டிமன்றமாகத்தான் நடத்தினார். பொதுமக்களில் யாராவது இரண்டு நிமிடம் பேசலாம் என்றார். ரங்கநாதன் ஆள் தேடிக்கொண்டிருக்கும்போது என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. மேடையைப் பார்த்தால் வசந்தாமணி மைக் முன்னால் நிற்கிறாள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டியில் சோப்பு டப்பா வாங்கியவள் என்று தெரியும். அதற்கப்புறம் அவள் குரல் எங்கள் சமையலறையைத் தாண்டியதில்லை.

“எங்கூடு வாய்க்கா ஓரமுங்க. சாயப்பட்டறைத் தண்ணியெல்லாம் எங்க கெணத்துக்குத்தான் வருது. எந்தக் கட்சி மாநாடு வருதுன்னு எனக்குப் பேப்பர் பாக்க வேண்டியதில்லைங்க. வாளி எறக்குனாத் தெரியும். போன மாசம் செவப்பு வந்துதுங்க. இந்த மாசம் உங்க கிளிப்பச்சை வருது. நீங்க புதுசா வந்துருக்கீங்க, சந்தோசம். எங்க தண்ணிக்குப் பழைய நெறத்தக் குடுப்பீங்களா?”

மண்டபம் இடிகிற மாதிரிக் கைதட்டல். நடுவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

நான் துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கிளிப்பச்சைத் துண்டுகள்.

செப்டம்பர் 15

சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருந்தது. வீட்டில் பேச்சு இல்லை. முதலில் நிறுத்தியது அவளா நானா, ஞாபகமில்லை.

செப்டம்பர் 18

கேட்டுவிட்டேன். என் தொழிலை என் பெண்டாட்டியே மேடையேறி அவிழ்த்துப் போட்டால் ஊர் என்ன நினைக்கும், இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்றேன்.

“தண்ணி எறைக்கறது நானுங்க” என்றாள். அவ்வளவுதான்.

மோட்டாரைப் பார்க்க வந்த ஆள், அதில் துருவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்குத் தொழில் தெரியாது.

அக்டோபர் 12

மக்கள் தீர்ப்புக் கழகத்தின் நகர மகளிர் அணிக்குத் தலைவி என் வீட்டில் இருக்கிறாள். காலையில் குளித்துவிட்டு வந்தால் கூடத்தில் பெண்கள். எதிர்வீட்டு ஜரினா கையில் ஒரு பாட்டில், வாய்க்கால் மேட்டுப் பெண்கள் ஆளுக்கொரு பாட்டில். எல்லாவற்றிலும் அவரவர் கிணற்றுத் தண்ணீர். ஜன்னலில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். வெயில் பட்டால் மாதாகோயில் கண்ணாடி மாதிரி இருக்கிறது, அழகாகத்தான் இருக்கிறது, சனியன்.

டீ நானே போட்டுக்கொண்டேன். சர்க்கரை டப்பா எங்கே என்று இந்த வீட்டில் இத்தனை காலம் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. ஜரினாவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். “ண்ணா, டீ நல்லா இருக்குதுங்” என்றது. வசந்தாமணி திரும்பிப் பார்த்தாள்.

குழந்தைவேலு தினமும் குத்துகிறான். “என்னப்பா சென்னியப்பா, உங்கூட்டுக்காரம்மா மந்திரியானா நீ பி.ஏ.வா, டிரைவரா?” டிரைவருக்குச் சம்பளம் கட்டுபடியாகாது என்றேன்.

நவம்பர் 6

எனக்குச் சாயம் போட்டுத் தருகிற பட்டறைக்காரர் போன் செய்தார். அம்மணியைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லுங்கள், அதிகாரிகள் வந்து போகிறார்கள் என்றார். சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. மறந்துவிட்டது.

தண்ணீரைச் சுத்தம் செய்து வெளியே விடுகிற பட்டறை ஒன்று பெருந்துறைப் பக்கம் இருக்கிறது. கூலி அதிகம். இனி என் நூல் அங்கேதான் போகும். காரணம் ஒன்றே ஒன்று, அங்கே சாயம் கெட்டியாகப் பிடிக்கிறது. வேறு காரணம் எதுவும் கிடையாது. வசந்தாமணியிடம் இதைச் சொல்லவும் இல்லை. லாரிக்காரன் சொல்லியிருப்பான் போலிருக்கிறது. இரவு கேட்காமலேயே ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும் வந்தது.

டிசம்பர் 21

நடுவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்.

முந்தின நாளே ரங்கநாதன் வந்து, அய்யாவுக்குக் காரம் ஆகாது, உப்பு மட்டு என்று பத்தியம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வந்தவர் எல்லாவற்றையும் ஒரு பிடி பிடித்தார். சாம்பாரா மோர்க்குழம்பா என்று கேட்டதற்கு “இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது” என்று இரண்டையும் ஊற்றச் சொன்னார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் வந்தது.

ஜன்னல் பாட்டில்களைப் பார்த்தார். கண் கலங்கிய மாதிரி இருந்தது. கலங்குகிற கண்ணா, மேடைக் கண்ணா என்று என்னால் சொல்ல முடியவில்லை. துணி என்றால் தொட்டுச் சொல்வேன். கை கழுவிவிட்டு, இந்தத் தொகுதிக்கு அம்மாதான் வேட்பாளர் என்றார். வாசலில் பெண்கள் குலவை போட்டார்கள்.

சாப்பிட்ட நேரம் முழுக்க வசந்தாமணியைப் பார்த்துத்தான் பேசினார். அவள் எதைச் சொன்னாலும் சிரிப்பு, எதற்கெடுத்தாலும் ஒரு தமாஷ். இவ்வளவு பெரிய மனுஷன் இவ்வளவு கலகலப்பாகப் பழகுகிறாரே என்று குழந்தைவேலுவே அசந்துபோனான்.

அவர் போனபிறகு வசந்தாமணி எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். களைப்பு.

ஜனவரி 19

சின்னம் வந்துவிட்டது. மணி கேட்டார்கள், வெண்டைக்காய் கொடுத்திருக்கிறார்கள்.

குழந்தைவேலு காலையில் ஒரு கூடை வெண்டைக்காய் அனுப்பிவைத்தான். நன்றாகப் பிஞ்சாக இருந்தது. பொரியல் நான்தான் வைத்தேன். கொழகொழவென்று வந்தது. எண்ணெயில் முதலில் வதக்கிவிட்டு அப்புறம்தான் உப்புப் போட வேண்டுமாம். வேட்பாளர் சொல்லிக் கொடுத்தார்.

பிப்ரவரி 8

வசந்தாமணி வாய்க்கால் ஓரம் வீடு வீடாகப் போகிறாள். செருப்பு வார் அறுந்துவிட்டது. அடி கெட்டியான செருப்பாக ஒன்று வாங்கி வந்தேன். அளவு தெரியாது என்பதால் பழையதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன், கடைக்காரன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். வேட்பாளர் நொண்டினால் வேட்டி விற்காது. அதற்காகத்தான்.

சாயந்தரம் அவள் பேச்சைச் சொல்லிப் பார்த்தபோது ஓர் இடத்தில் நிறுத்தினேன். “குறைகளைக் களைவோம்” எல்லாம் வேண்டாம், வாளியைப் பற்றிப் பேசு, வாங்குகிறவன் கையில் சரக்கைக் கொடுத்துவிட்டுத்தான் விலை சொல்ல வேண்டும் என்றேன். “நீங்க கூட வாங்களேன்” என்றாள். எனக்குக் கடை இருக்கிறது.

குழந்தைவேலு, ஜெயிப்பாளா என்று முதல்முறையாகக் கிண்டலில்லாமல் கேட்டான். கேள்விக்குறிதான் என்றேன். சந்தையில் வாய்விட்டுக் கணிப்புச் சொல்லக் கூடாது, விலை ஏறிவிடும்.

மார்ச் 22

திருச்சியில் மாநில மாநாடு. கட்சி பஸ்ஸில் போனோம். நான் கடையை அடைத்துவிட்டுப் போனேன், துண்டு விற்க அல்ல, துண்டு எடுத்துப் போகவில்லை. சும்மா.

இத்தனை ஜனத்தை நான் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை. தலைப்பு: தேர்தலைச் சந்திப்பது தனித்தா, கூட்டணியிலா? இதிலும் பட்டிமன்றம். வலதுபக்கம் தனித்து அணி, கிளிப்பச்சைத் துண்டு. இடதுபக்கம் கூட்டணி அணி, கத்தரிப்பூ. தனித்து அணியின் முதல் பேச்சாளர் ஒரு கல்லூரிப் பெண். அந்தப் பெண் பேசப் பேசக் கூட்டம் துள்ளியது. நடுவர் மணியடித்து நிறுத்தி, இந்தப் பெண்ணுக்கு மாமியாராக வரப்போகிறவர்கள் பாவம் என்றார். ஒரே சிரிப்பு. இரண்டாவது ஆளிடம் அதைவிட நல்ல தமாஷ். மூன்றாவது ஆளைக் கட்டிப் பிடித்து முதுகில் தட்டினார். கூட்டணி அணி பேசும்போது கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முகத்தை அசைக்காமல் கேட்டார்.

எனக்கு உற்சாகமாக இருந்தது. தனித்துத்தான், சந்தேகமில்லை என்று வசந்தாமணியிடம் சொன்னேன். அவள் குனிந்து காலால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, வாங்க போலாம்.”

“இன்னும் தீர்ப்புச் சொல்லலையே.”

“சொல்லியாச்சுங்க.”

எழுந்து போய்விட்டாள். பஸ் வரைக்கும் பின்னாலேயே போனேன். பஸ்ஸில் யாரும் இல்லை. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்து எனக்குப் பாதி கொடுத்தாள். ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது. “இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது” என்றார். கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. இருபது வருஷத்தில் ஒரு தடவை தப்பலாமே. “ஆனாலும்” என்றார்.

கூட்டணிகூட இல்லை, இணைப்பு. கழகத்தைப் பெரிய கட்சி ஒன்றில் கரைத்துவிட்டார். அவருக்கு ஒரு வாரியத் தலைவர் பதவி. வெளியே வருகிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் வேட்டியைத் தழைத்து, கரை தெரியாமல் உள்பக்கமாக மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

கரூர் தாண்டியதும் கேட்டேன். அன்றைக்கு நம் வீட்டில் சாப்பிட வந்தபோது உன்னிடமும் அப்படித்தானே சிரித்தார் என்று.

“அன்னைக்கே தெரியுமுங்க” என்றாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, “தெரிஞ்சா மட்டும் நிறுத்திக்க முடியுதுங்களா?”

மார்ச் 23

கடை திறக்கவில்லை. தலைவலி.

மார்ச் 31

ரங்கநாதன் வந்தார், பெரிய கட்சியின் கரையில். இடுப்புக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது, இடுப்பு மாறவில்லையே. நாம் அழிந்துவிடவில்லை, கடலில் கலந்திருக்கிறோம் என்றார். இந்தத் தொகுதியில் பெரிய கட்சியின் வேட்பாளருக்கு அம்மா ஓட்டுக் கேட்டால் அம்மாவுக்கும் ஏதாவது செய்வார்களாம். கூடவே பெரிய வேட்டி ஆர்டர் ஒன்றும் கொண்டுவந்திருந்தார்.

அம்மாவைக் கூப்பிட்டேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அந்த வேட்பாளருக்குச் சாயப்பட்டறை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டாள். ரங்கநாதன் கூரையைப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

ஆர்டரை எடுத்துக்கொண்டேன். நான் வியாபாரி. பெருந்துறைக்குத்தான் நூல் அனுப்புவேன், கூலி அதிகமாகும், அதையும் சேர்த்துத்தான் விலை என்றேன். சரி என்றார். மனசாட்சிக்குக் காசு கொடுக்க இவ்வளவு சுலபமாக ஆள் கிடைப்பார் என்று தெரிந்திருந்தால் முன்பே விலை ஏற்றியிருப்பேன்.

ஏப்ரல் 5

பெண்கள் வாசல் வரை வந்தார்கள். தான் வீட்டில் இல்லை என்று சொல்லிவிடச் சொன்னாள் வசந்தாமணி. சொன்னேன். ஜரினா மட்டும் நகரவில்லை. கொண்டுவந்த பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனது. வாங்கி ஜன்னலில் வைத்தேன்.

வசந்தாமணி மறுபடி பால் கணக்கு எழுத ஆரம்பித்திருக்கிறாள், காலண்டர் தாளின் பின்பக்கத்தில். டிவியைப் போடுவதே இல்லை. வீடு இவ்வளவு அமைதியாக இருந்தால் கொதிப்பு குறைய வேண்டும், ஏறியிருக்கிறது. சுயேச்சையாக நில்லு, செலவு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

“வேண்டாமுங்க. ஆறு மாசம் ஒவ்வொரு வாசல்லயும் நின்னு அவரு பேரச் சொல்லித்தான கேட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுட்டு மறுக்காப் போறது?”

அவரை நம்பி முதலில் நூல் அனுப்பியவன் நான்.

ஏப்ரல் 26

இணைப்பு முடிந்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. ஒர்க்‌ஷாப்காரர் துடைக்கிற துணி கேட்டு ஆள் அனுப்பினார். மேல்தட்டில் தலைகீழ் வேட்டி அப்படியே இருக்கிறது. ஏணி சரியில்லை, அப்புறம் வரச் சொல்லிவிட்டேன்.

மே 9

ஓட்டு நாள்.

காலையில் வசந்தாமணி கிணற்றில் வாளி இறக்கினாள். தண்ணீரின் நிறத்தை எட்டிப் பார்த்து, இவங்கதான் வருவாங்க போல என்று சொன்னாள். நானும் பார்த்தேன். சரியாகத்தான் பட்டது. வாய்க்கால் ஓரத்துப் பட்டறைகளுக்கு ஓட்டுக் கணிப்பு அத்துப்படி. நேராகக் கிணற்றிலேயே வெளியிட்டுவிடுகிறார்கள். அவள் ஜரினாவோடு முன்னால் போய்விட்டாள்.

நான் குளித்தேன். பேண்ட் எல்லாம் துவைக்கப் போட்டிருந்தது. எல்லாமே. கடை வழியில்தான், கிடங்குக்குப் போய் ஏணி போட்டு ஏறினேன்.

ஓட்டுப் போடுகிற பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போலீஸ்காரர் நிறுத்தினார். வயது குறைவு, பேச்சு தெற்கத்திப் பேச்சு.

“அய்யா, கட்சிக் கரை கட்டிட்டு உள்ள போகக் கூடாது, தெரியும்லா? வீட்டுக்குப் போயி மாத்திட்டு வாங்க.”

வேட்டியின் ஓரத்தைப் பார்த்தார். குனிந்து மறுபடி பார்த்தார்.

“இது எந்தக் கட்சி?”

தமிழ்நாட்டில் எந்தக் கரை எந்தக் கட்சி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதற்கு வாய் வரவில்லை. இந்தக் கட்சி இந்தத் தேர்தலில் நிற்கவில்லை என்றேன். அப்படியென்றால் அடுத்த தேர்தலா என்றார். தெரியாது என்றேன். இன்னொரு போலீஸ்காரரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் கையிலிருந்த தாளில் எல்லாக் கட்சியின் நிறத்தையும் பார்த்தார்கள். பச்சை மேலே கத்தரிப்பூ கீழே என்று ஒன்று இருந்தது. அதுவும் கலைந்துபோன கட்சி, மேலும் இது வேற மாதிரி இருக்கே என்றார் இரண்டாமவர். இல்லாத கட்சிக்கு எந்தச் சட்டத்தில் தடை போடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. போங்கய்யா என்று விட்டுவிட்டார்கள்.

பெண்கள் வரிசை நீளமாக இருந்தது. அதிலிருந்து குரல் கேட்டது.

“ஏனுங்க! கரை தலகீழுங்க!”

“தெரியும்” என்றேன்.

சிரித்தாள். மார்ச்சுக்கு அப்புறம் முதல் தடவை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், ஜரினாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பாட்டில் கொண்டுவந்த பெண்கள் ஒவ்வொருத்தராகத் திரும்பிப் பார்த்தார்கள். வெயிலில் நான் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பது வருஷம் வேட்டி விற்றவனுக்கு அதைக் கட்டிக்கொண்டு நடக்கத் தெரியவில்லை.

சாயந்தரம் டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே, உள்ளாட்சித் தேர்தல் எப்போது வரும் என்று சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டாள். வார்டு கவுன்சிலருக்குக் கட்சி வேண்டும் என்று கட்டாயமில்லைதானே என்றாள். அப்புறம், அந்தத் தலைகீழ் வேட்டியெல்லாம் இன்னும் கிடங்கில் இருக்கிறதா என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன்.

“கிழிச்சுப் போட்டுறாதீங்க.”

நாளைக்கு ஒர்க்‌ஷாப்காரருக்குப் போன் செய்து, வேறு இடத்தில் துணி பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். மேல்தட்டுக்கு அந்துருண்டை வாங்க வேண்டும்.